உடம்பை ஒட்டி வரும் பந்து

என் மூக்கு நேராக இருக்காது. இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து, நடுவில் ஒரு மேடு தட்டியிருக்கும். நாற்பதை நெருங்கிவிட்ட எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் மற்றவர்களுக்குத்தான். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும் யாரோ ஒரு ஆன்டி, சோறு வைத்ததும், "சின்ன வயசுல பந்து பட்டுச்சாமே?" என்று ஆரம்பிப்பார். ரசம் வருவதற்குள், "அதான் ஒண்ணும் அமையல போல" என்று முடித்தும் விடுவார். பாயசம் வரை உட்கார எனக்குப் பொறுமை இருந்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த மூக்கு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளில் வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அவள் என் அண்ணன் மகள். கிள்ளானில் அப்பா அம்மாவோடு, நான் பிறந்து வளர்ந்த அதே வரிசை வீட்டில் இருக்கிறாள். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். நானும் ஒரு காலத்தில் ஆடியவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பேருக்குத்தான் அது சாஃப்ட். பந்து ஒரு கைக்குள் அடங்காத அளவில், கல் மாதிரி கனக்கும். வீசுகிறவள் கையை ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடுவாள். அது வந்து சேர்வதற்குள் நமக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ஒரு நாள் வேலை நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் எனக்கு வேலை. வாயைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தே, சிக்கு என்னைத் தூக்கிடுவாரு போல." பயிற்சி கொடுக்கும் ஆசிரியரை எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் சிக்கு என்றுதான் சொல்வாள்.

"ஏன், என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. பந்து உடம்புகிட்ட வந்தா நான் ஓடுறேனாம். அடுத்த வாரம் பூச்சோங் டீமோட ஃபிரெண்ட்லி இருக்கு. அதுலயும் ஓடுனா வேற ஆள போட்டுடுவேன்னு சொல்லிட்டாரு."

டீமிலிருந்து தூக்கிவிட்டால் அவளுடைய ஆட்டம் அதோடு சரி. அண்ணன் ஏற்கெனவே அதற்காகத்தான் காத்திருந்தான். "டீம்ல இருக்குற வரைக்கும் ஆடு, இல்லன்னா டியூஷனுக்குப் போ" என்பது அந்த வீட்டுச் சட்டம். அண்ணனை 'அவர்' என்று எழுதத்தான் கை வந்தது. அடித்துவிட்டு 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்று பிறகு தெரியும்.

சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு கொமுட்டர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. ஒருபக்கம் ஊஞ்சல், மறுபக்கம் பெரிய லோங்காங். அடித்த பந்து அந்தக் கால்வாயில் விழுந்தால் எடுக்கிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும். அவள் மட்டையோடும் பள்ளியில் கொடுத்த ஹெல்மெட்டோடும் வந்து நின்றாள். முகத்துக்கு முன்னால் கம்பி வலை வைத்த ஹெல்மெட் அது.

முதலில் சாதாரண டென்னிஸ் பந்துகளை வீசிப் பார்த்தேன். வெளிப்பக்கம் போகும் பந்தை அழகாக அடித்தாள். இடுப்பு முதலில் திரும்பியது, கைகள் பின்னால் வந்தன, மட்டை நேராகப் பந்துக்குப் போனது. யாரும் சொல்லிக்கொடுத்து இது வராது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதே பந்தை உடம்பை ஒட்டி வீசினேன். அவ்வளவுதான், வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முன்கால் பந்தைவிட்டு விலகி, மூன்றாம் பேஸ் இருக்க வேண்டிய இடதுபக்கம் ஓடியது. முகவாய் மேலே போனது. கண் வானத்தைப் பார்த்தது. மட்டை மட்டும் கடமைக்கு ஒரு முறை காற்றைக் கிளறிவிட்டு வந்தது.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். மட்டையைப் பிடிக்கும் பிடியைத் தளர்த்தச் சொன்னேன். முன்கால் ஓடாமல் இருக்கக் குதிகாலுக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்தேன். அவள் செங்கல்லின் மேலேயே ஏறி ஓடினாள். பந்துகளில் மார்க்கர் பேனாவால் ஒவ்வோர் எண் எழுதி, அடிக்க வேண்டாம், வருகிற பந்தில் என்ன எண் என்று மட்டும் சொல் என்றேன். வெளிப்பக்கம் போனவற்றைச் சரியாகச் சொன்னாள். உள்பக்கம் வந்ததற்கு, "ஏழு?" என்றாள். நான் எழுதியது மூன்று வரைதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதும் இல்லை.

"மூஞ்சிக்கு முன்னாடி கம்பி இருக்குல்ல. பட்டா கம்பில படும். அப்புறம் என்ன பயம் உனக்கு?"

"தெரியும் அத்தே. எனக்குத் தெரியுது. கழுத்துதான் கேக்க மாட்டேங்குது."

"கழுத்து யாரு பேச்ச கேக்குது?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. லோங்காங் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மாதான். ஒவ்வொரு தடவ டிரெயினிங் போறப்பவும் சொல்லுவாங்க. மூஞ்சி பத்திரம், மூஞ்சி பத்திரம்னு. அத்தையோட மூஞ்சிய பாரு, அந்த மாதிரி ஆயிட்டா யாரு வந்து கட்டிக்குவான்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "கோச்சுக்காதீங்க அத்தே. பந்து உள்ள வந்தா எனக்குப் பந்து தெரியல. உங்க மூக்குதான் தெரியுது."

பேசியிருந்தால் அவளைத்தான் திட்டியிருப்பேன், அவளுக்கு அது தேவையில்லை. திடலில் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

இப்போது மூக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வயதில் மாநில அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயிற்சிக்கு அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் சிரிக்கிறார்களாம், இவன் தெருவில் தலைகாட்ட முடியவில்லையாம். ஒரு நாள் மாலை நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் வீட்டு முன்வாசலில், இந்தப் பக்கத்து எல்லா வீடுகளையும் போல, ஒரு கம்பிக் கதவு உண்டு. கிரில் என்போம். போகாதே என்றான். போவேன் என்றேன். நான் படியில் கால் வைத்துத் திரும்பிய நேரத்தில் அந்தக் கதவை முழு பலத்தோடு இழுத்துச் சாத்தினான். கதவு என் முகத்தில் வந்து மோதியது. ஏதோ உடையும் சத்தம் முதலில் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

அரசாங்க மருத்துவமனையில், என்ன ஆனது என்று நர்ஸ் கேட்டார். என் வாயெல்லாம் ரத்தம். அம்மா முந்திக்கொண்டு, "விளையாடறப்போ பந்து பட்டுருச்சு" என்றார். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். அன்று அந்தக் கவுண்டரில் பிறந்த பந்துதான், இன்றுவரை கல்யாண மண்டபங்களில் ரசத்துக்கு முன்னால் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. சொந்தக்காரர்கள் நம்பினார்கள். ஆட்டத்தை விட்டதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். பந்து பட்டதால் அவளே பயந்து நிறுத்திவிட்டாளாம். நான் நிறுத்தவில்லை. மூக்கு ஆறுவதற்குள் என் இடத்தில் வேறு ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா இப்போது இல்லை. இறந்துபோனவரிடம் சண்டை போட முடியாது என்பது தனி எரிச்சல்.

அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மூக்கும் தயாராக இருந்தது, கதையும் தயாராக இருந்தது. அவர் மனதார நம்பித்தான் மகளை மிரட்டினார், அது அவருடைய பயம். ஆனால் ஒருவனுக்கு உண்மை தெரியும். மனைவி மகளிடம் "அத்தையோட மூஞ்சிய பாரு" என்று சொல்லும்போதெல்லாம் அவன் அதே மேசையில் உட்கார்ந்து, தலை குனிந்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கதவைச் சாத்தியதைக்கூட என்றாவது ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

பந்துப் பையோடு வீட்டுக்குள் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். அண்ணி கறிபாப் பொரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தேநீரோடு மேசையில் இருந்தான்.

"வா வா, சூடா இருக்கு, உக்காரு" என்றார் அண்ணி.

நான் உட்காரவில்லை. "அண்ணே, எம் மூக்கு எப்படி ஒடைஞ்சதுன்னு உம் பொண்ணுக்குச் சொல்லு."

அவன் தேநீரைக் கீழே வைத்தான். "என்ன இப்ப திடீர்னு?"

"பந்து வந்தா அவளுக்கு எம் மூக்குதான் தெரியுதாம். அதனால அவள டீம விட்டே தூக்கப் போறாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"பழைய கதைய எதுக்குலா இப்ப கெளறிக்கிட்டு..."

"பழைய கதையா? உம் பொண்டாட்டி தெனமும் புதுசா சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

அண்ணி கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றா இவ? என்னங்க?"

அவன் சிந்தாத தேநீரை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாசலுக்குப் போய்க் கம்பிக் கதவின் மேல் கையை வைத்தேன். பலமுறை பெயின்ட் அடித்த அதே கதவு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். டிரவுசர், பை, போகாதே என்றது, சாத்தியது, மருத்துவமனையில் அம்மா சொன்னது. சுருக்கமாகத்தான் சொன்னேன், அழவும் இல்லை.

"தெரியாம பட்டுச்சு" என்றான் அவன், மகளைப் பார்த்து. "அப்பா வேணும்னா செஞ்சேன்? கோவத்துல சாத்துனேன், அவ திரும்புவான்னு தெரியாது."

கதவு பட்டது தெரியாமல் என்றே வைத்துக்கொள்வோம். பந்து என்று சொன்னது தெரிந்துதானே. இத்தனை வருஷம் அதைக் காப்பாற்றியது தெரிந்துதானே. இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்தது. அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அவர் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் மகள் கதவருகே வந்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் திறந்து மூடும் கதவு. "இந்த கேட்டா அத்தே?" என்றாள்.

"இதேதான்."

"அப்ப பந்து?"

"பந்து என்ன ஒண்ணும் செஞ்சதில்ல. ரெண்டு மூணு தடவ தோள்ல பட்டுருக்கு. வீங்கும், ஐஸ் வெச்சா போயிடும்."

உண்மையைச் சொன்னவுடன் கழுத்து நேராகிவிடும் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் மட்டையைப் பிடித்ததே இல்லை என்று அர்த்தம். வருஷக்கணக்காகக் கற்றுக்கொண்ட ஓட்டம் அது. நடுவில் கிடைத்த மாலைகளில் எல்லாம் கொமுட்டரைப் பிடித்துப் போனேன். வேறு மாதிரி ஆரம்பித்தோம். அடிக்கக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, அடி வாங்கக் கற்றுக்கொடுத்தேன். பந்து உடம்பை நோக்கியே வந்தால் பின்னால் சாயக் கூடாது. பின்னால் சாய்ந்தால் முகம்தான் திறந்து கிடக்கும். முன்தோளை உள்ளே மடக்கி, முகவாயை நெஞ்சில் வைத்து, பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் பக்கம் திரும்ப வேண்டும். முதுகு வாங்கிக்கொள்ளும். டென்னிஸ் பந்துகளை அவள் மேலேயே எறிந்தேன். படட்டும் என்றேன். முதுகில் பட்டது, தோளில் பட்டது. முதலில் சிணுங்கினாள், பிறகு சிரித்தாள். ஊஞ்சலுக்கு வந்த சின்னப் பிள்ளைகள் ஒரு பெரியவள் ஒரு பெண்ணைப் பந்தால் அடிப்பதை வாயைப் பிளந்து பார்த்தன.

பட்டால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், படுமோ என்று அது தவிப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை உள்பக்கம் வந்த பந்தைப் பார்த்து, "ரெண்டு" என்றாள். இரண்டுதான். முன்கால் அப்போதும் லேசாக விலகியது. ஆனால் கண் இடத்தில் இருந்தது.

ஆட்டம் அவள் பள்ளித் திடலில் நடந்தது. அண்ணன் வந்திருந்தான். வர விருப்பம் இருந்திருக்காது, அண்ணி வண்டிச் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்திருப்பார். மூன்றாம் பேஸ் பக்கம், வேலிக் கம்பி வலைக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி அவனிடமிருந்து நாலடி தள்ளி நின்றார். நான் அண்ணிக்கு இந்தப் பக்கம். வழக்கமாக மகள் மட்டையை எடுத்தாலே "மூஞ்சி, மூஞ்சி" என்று திடல் முழுக்கக் கேட்கக் கத்துகிறவர், அன்று கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தார்.

முதல் முறை வெளிப்பக்கப் பந்தை அடித்து ஓடினாள், பிடித்துவிட்டார்கள். அதை வைத்துப் பயம் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. இரண்டாம் முறை வந்தபோது பந்து வீசும் பூச்சோங் பெண்ணுக்கு இவளுடைய பயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்ல உயரம், நல்ல வேகம். முதல் பந்தையே உடம்பை ஒட்டிப் போட்டாள். அண்ணன் மகளின் முன்கால் விலகியது. மட்டை அசையவில்லை. அடிக்கத் தவறிய பந்து, ஸ்டிரைக் என்றார்கள். சிக்கு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எனக்கு அந்த உயரமான பெண்ணின் மேல், சிக்கு மேல், தொப்பியின் மேல்கூட ஆத்திரம் வந்தது.

அவள் நின்ற கட்டத்தைவிட்டு வெளியே வந்து மட்டையால் காலணியைத் தட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பப் போய் நின்றாள், முன்பு நின்றதைவிட அரை அடி உள்ளே.

அடுத்த பந்து இன்னும் உள்ளே வந்தது. முன்கால் நின்ற இடத்தில் நின்றது. முகவாய் கீழேயே இருந்தது. இடுப்பு திரும்பியது. சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, மட்டையின் நல்ல இடத்தில் பட்டிருக்கிறது என்று. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள், அவ்வளவுதான். பந்து தாழ்வாக, நேர்கோட்டில், எல்லைக்கு வெளியே மூன்றாம் பேஸ் வேலியை நோக்கிப் பறந்தது. அண்ணன் நின்ற இடத்துக்கு.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டான். பந்து கம்பி வலையில் மோதி, வலை முழுக்கக் கலகலவென்று அதிர்ந்து, புல்லில் விழுந்து உருண்டது. அந்தப் பக்கம் நின்றிருந்த பெற்றோர்கள் சிலர் சிரித்தார்கள்.

"கெப்பாலா தக் லாரி. பாகுஸ்" என்று சிக்கு கத்தினார். தலை ஓடவில்லை, நல்லது என்று. ஃபவுல் பந்துக்கு அவர் பாராட்டி நான் பார்த்ததில்லை. வெளியே எழுந்து நின்று, அவளுக்குப் பதில் இறங்கக் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணைப் பார்த்து, உட்காரு என்று கையைக் காட்டினார்.

அண்ணன் இன்னும் நிமிரவில்லை. கை முகத்திலேயே இருந்தது. ஒரு வாரமாக யாரோடும் பேசாத அண்ணி அவன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"எதுக்குங்க மூஞ்சிய மூடுறீங்க? முன்னாடிதான் கம்பி இருக்குல்ல. பந்து யார என்ன செஞ்சிச்சு?"

அவன் மெதுவாகக் கைகளை இறக்கினான். திடலில் அவன் மகள் அடுத்த பந்துக்கு மட்டையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து அவள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. வீசுகிறவளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.